இரண்டாம் ஓட்டம்

லண்டனுக்கு வடமேற்கே ட்ரிங் என்னும் சிறு பட்டினத்து அருங்காட்சியகத்தில் ஒரு நாய் பதப்படுத்தப்பட்டு நிற்கிறது. ஓய்வுநாளொன்றில் குசினித் தோழர்கள் நாங்கள் நாலுபேர் போய்ப் பார்த்தோம். பெயர் மிக் த மில்லர். 1926இல் அயர்லாந்தின் ஒஃபலிப் பகுதியில், ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரின் வளர்ப்பில் பிறந்த கிறேஹவுண்ட். 1939இல் இறந்தது.

மிக் பிறந்த அதே வருடத்தில்தான் மான்செஸ்டரில் இயந்திர முயலின் பின்னே நாய்களை ஓடவிடும் பந்தயம் தொடங்கியது. தொழிலாளர்கள் வேலை முடிந்து, சில்லறைக் காசோடு போகக்கூடிய விளையாட்டு. மிக் தொடர்ந்து 19 ஓட்டங்களை வென்றது. 525 யார் தூரத்தை 30 விநாடிக்குள் ஓடிய முதல் நாய் என்ற பெயரும் அதற்கு உண்டு. வேகத்தைவிட அதன் புத்தியையே பார்த்தவர்கள் வியந்தார்கள். வளைவில் நாய்கள் நெருக்கியடிக்கும்போது சற்றுப் பின்னால் நின்று, இடைவெளி விழுந்ததும் நுழையுமாம்.

எங்களை யோசிக்க வைத்தது இந்தப் புகழ் அல்ல, இரண்டு இறுதிப் போட்டிகள்.

1929 டேர்பி, வைற் சிற்றி மைதானம். முதல் வளைவில் நாய்கள் மோதிக்கொண்டன. முதலாவதாக வந்தது பலற்றீனஸ். ஓட்டம் செல்லாது என்று அறிவித்தார்கள். மீண்டும் ஓடவிட்டபோது மிக் வென்றது. 1930இலும் அதுவே வென்றது. 1931இல், ஐந்து வயதில், மூன்றாம் முறையும் முதலாவதாக வந்தது. ஆனால் வேறொரு நாய் குழப்பியதால் ஓட்டம் செல்லாது என்றார்கள். அன்றிரவே களைத்த கால்களோடு மீண்டும் ஓடி நாலாவதாக வந்தது.

ஒரே விதிதான். 1929இல் கொடுத்தது, 1931இல் பறித்தது. விதிக்கு எந்த நாய் என்பது முக்கியமில்லை. பார்த்து நின்றவர்களுக்கோ அதுமட்டுமே முக்கியம். மிக்குக்காக வருந்தியவர்களில் எத்தனைபேர் பலற்றீனஸுக்காக வருந்தியிருப்பார்கள்?

இதைக் கேட்கும் தகுதி எங்களுக்கு இருக்கிறதா என்பதுதான் சிக்கல்.

எங்கள் வீட்டில் இருவர் இருந்தார்கள். ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே கதை, ஒரே மாதிரித் தழும்புகள். ஒருவனின் தஞ்ச வழக்கு நிராகரிக்கப்பட்டு, மறுவிசாரணையில் வென்றது. ஆட்டிறைச்சி சமைத்து, 'நீதி இன்னும் இருக்கிறது' என்றோம். மற்றவன் முதலில் வென்றவன். அரசதரப்பு மேன்முறையீடு செய்ய, அந்தத் தீர்ப்பு செல்லாதென்றாகி, இரண்டாம் விசாரணையில் தோற்றான். 'அநீதி' என்றோம். இதுவரை சரி. ஆனால் சில மாதங்களில் எங்கள் பேச்சு மாறியது. 'திகதிகளை மாறிச் சொல்லியிருப்பான்', 'உண்மை சொன்னவனுக்குக் கிடைக்கும்தானே' என்று கதைத்தோம். அவன் குசினிக்குள் வந்தால் பேச்சை நிறுத்தினோம். ஒருநாள் உடுப்புப் பையோடு போய்விட்டான். எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை.

மறுஓட்டம் கூடாதென்று நாங்கள் சொல்லவில்லை. விழுத்தப்பட்ட நாய்க்கு இன்னொரு வாய்ப்புக் கொடுப்பது நியாயம். மிக்கின் திறமையும் பொய்யல்ல. ஆனால் திறமை வேறு, தீர்ப்பு வேறு. சாதகமாக வந்த தீர்ப்பைத் தன் தகுதியென்று ஒருவன் எண்ணும் கணத்திலேயே, தோற்றவன் தகுதியற்றவன் என்ற முடிவும் அவனுக்குள் வந்துவிடுகிறது. கையில் விசா உள்ள நாங்கள் செய்தது அதுதான். நாய்க்கு இந்தப் பாவம் இல்லை. இரண்டு வருடங்களிலும் அது ஓடியது மட்டும்தான்.

1931இல் வெம்பிளியில் சென்ற் லெஜர் போட்டியை வென்றதோடு மிக் ஓய்ந்தது. பிறகு ஒரு திரைப்படத்திலும் நடித்தது. இன்று கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. பலற்றீனஸ் அங்கே இல்லை.

திரும்பும் ரயிலில் எங்களில் ஒருவன் கேட்டான்: "அவன்ரை பழைய நம்பர் ஆரிட்டையாவது இருக்கோ?"

எல்லோரும் தொலைபேசியை எடுத்துத் தேடினோம். ஒருவரிடமும் இருக்கவில்லை.