குறைவு என்றால், எதைவிடக் குறைவு?

கடந்த தீபாவளிக்குக் கிள்ளானில் உள்ள மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். சாப்பிட்டு முடிந்ததும் மாமா வாசல் பக்கம் போய், தடித்த பேனா மாதிரி இருந்த ஒரு மெஷினில் சின்னக் குச்சி ஒன்றைச் செருகினார். இருபது வருடமாக வெண்சுருட்டு பிடித்தவர், இப்போது சூடாக்கும் புகையிலைக்கு மாறிவிட்டாராம். நானோ இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். சும்மா இருப்பேனா? "மாமா, ஒன்னு கொடுங்க, பிரிச்சுப் பார்க்கிறேன்" என்று வாங்கிக்கொண்டேன். பக்கத்தில் என் தம்பி. வயது 17, எஸ்.பி.எம். மாணவன்.

குச்சியைப் பிரித்தால் உள்ளே வெண்சுருட்டில் இருப்பதுபோல் நறுக்கிய இலை இல்லை. சுருக்கம் சுருக்கமாக மடித்த பழுப்புத் தாள்தான் இருந்தது. புகையிலையைப் பொடியாக அரைத்து, தண்ணீர், கிளிசரின், ஒட்டுவதற்குப் பசை, கொஞ்சம் தாவர நார் எல்லாம் சேர்த்து மாவு மாதிரி கரைக்கிறார்கள். அதை மெல்லியதாகப் பரப்பிக் காயவைத்தால் தாள் கிடைக்கும். அந்தத் தாளை மடித்து உருட்டிக் குச்சியாக்குகிறார்கள். அதற்கு மேல் ஒரு வெற்றுக் குழாய், ஆவியைக் குளிரவைக்க ஒரு பகுதி, கடைசியில் வாய் வைக்கும் வடிகட்டி.

வெண்சுருட்டை இழுக்கும்போது அதன் நுனி 800 டிகிரி செல்சியசுக்கு மேல் போகும். இந்த மெஷின் புகையிலையைச் சுமார் 350 டிகிரியோடு நிறுத்திவிடும். சிலவற்றில் ஒரு சூடான தகடு குச்சிக்குள் இறங்கும். சிலவற்றில் குச்சிக்குள்ளேயே ஓர் உலோகத் துண்டு இருக்கும், இன்டக்‌ஷன் அடுப்பு மாதிரி அதைக் காந்தப்புலம் சூடாக்கும். புகையிலை தீப்பிடிக்காது. கிளிசரின் ஆவியாகி, நிக்கோட்டினைச் சுமந்துகொண்டு வாய்க்கு வரும். எரியாததால் கார்பன் மோனாக்சைடு போன்ற பல நச்சுப் பொருள்கள் மிகவும் குறைவு.

இதையெல்லாம் அன்று வாசலில் நின்று பெருமையாக விளக்கினேன். மாமாவுக்கு ரொம்ப சந்தோஷம். தம்பி கண் கொட்டாமல் கேட்டான்.

இரண்டு மாதம் கழித்து, அவன் மாமா அறையிலிருந்து குச்சி எடுத்துப் பிடித்தது தெரியவந்தது. முதல் முறை அல்ல. நான் கோபமாகக் கேட்டதற்கு அவன் சொன்னது ஒன்றுதான்: "அண்ணே, நீங்கதானே சொன்னீங்க, இது எரியாது, ரொம்ப குறைவுன்னு?"

எனக்குப் பதில் வரவில்லை. நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லையே! பிறகு எப்படி என் பேச்சு தப்பானது?

பல நாள் யோசித்தேன். எந்த அளவையும் எடுக்கும் முன், பூஜ்யம் எங்கே என்று முதலில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஆய்வுக்கூடத்தில் அடிப்படைப் பாடம். அன்று நான் அதைச் சொல்லவே இல்லை. 'குறைவு' என்றேன், ஆனால் எதைவிட? மாமாவுக்குத் தொடக்கப் புள்ளி இருபது வருட வெண்சுருட்டு. அங்கிருந்து பார்த்தால் இது இறக்கம். தம்பிக்குத் தொடக்கப் புள்ளி வெறும் காற்று. அங்கிருந்து பார்த்தால் இது ஏற்றம். குச்சி ஒன்றுதான், எண்ணும் ஒன்றுதான், திசைதான் நேரெதிர்.

இன்னொன்றையும் விட்டுவிட்டேன். நிக்கோட்டின் அவ்வளவாகக் குறையவில்லை. பழக்கத்துக்கு அடிமையாக்குவது அதுதான், தம்பி வயதில் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இந்த நுணுக்கம் அதிகாரிகளுக்கும் தெரியும். 2020-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஐகோஸ் என்ற சாதனத்துக்கு, 'முழுவதுமாக மாறினால் நச்சுப் பொருள்கள் உடலில் சேர்வது குறையும்' என்று விளம்பரம் செய்ய அனுமதித்தது. 'நோய் ஆபத்து குறையும்' என்று சொல்ல அனுமதிக்கவில்லை. சிங்கப்பூர் இந்தக் குச்சிகளை அடியோடு தடை செய்திருக்கிறது. நம் நாட்டில் 2024 அக்டோபர் 1-இல் நடப்புக்கு வந்த 852-ஆம் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்பது குற்றம்.

அப்படியென்றால் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டுமா? அதுவும் சரியாகப் படவில்லை. அறிவை ஒளித்துவைத்தால் மாமா பழையபடி வெண்சுருட்டுக்கே போகலாம். திருக்குறளின் வாய்மை அதிகாரம், யாருக்கும் தீமை தராத சொல்தான் வாய்மை என்றே தொடங்குகிறது. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இது ஏதோ விதிவிலக்கு கொடுப்பதுபோல் தோன்றியது. இப்போதுதான் அதன் பாரம் தெரிகிறது. சொல் சரியாக இருந்தால் போதாது. கேட்பவன் யார், அது அவனிடம் போய் என்னவாகும் என்று பார்ப்பதும் சொல்பவனின் வேலை. பாதி உண்மை, கேட்பவனுக்கு முழுச் சாக்காகிவிடும்.

அடுத்த வாரமே இருவரிடமும் தனித்தனியாகப் பேசினேன். மாமாவிடம், "மாறினது நல்லதுதான் மாமா, ஆனா இது கடைசிப் படி இல்ல, நடுப்படி" என்றேன். சிரித்தார். மெஷினை இப்போது பூட்டி வைக்கிறார். தம்பியிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன், பிறகு அன்று விட்டதைச் சொன்னேன். "பார்க்கலாம்ணே" என்றான். சத்தியம் எதுவும் செய்யவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது அவன் ஒவ்வொரு ஞாயிறும் என்னோடு ஃபுட்சாலுக்கு வருகிறான், பேசுகிறோம்.

நண்பர்களே, நாம் படித்தவர்கள். வீட்டில் நம் பேச்சுக்கு எடை உண்டு. அடுத்த முறை யாராவது "இது பரவாயில்லடா, குறைவுதான்" என்றால், நாமே சொன்னாலும் சரி, ஒரு கேள்வி கேட்போம்: எதைவிட?