வேறொருவரின் பெயரில் அட்சரகணிதம்

என்னோடு ஒரே குசினியில் வேலைசெய்யும் அக்கா ஒருவர் இந்தத் தை மாதம் என்னிடம் ஓர் உதவி கேட்டார். ஸ்காபரோவில் உள்ள உணவகம் ஒன்று. நான் அடுப்புப் பக்கம். அவருக்கு மரக்கறி வெட்டுவதும் கோப்பை கழுவுவதும் வேலை. பின்னேரம் ஐந்து மணிக்கு இங்கே முடித்துக்கொண்டு, முதியோர் இல்லம் ஒன்றுக்கு இரவு வேலைக்குப் போவார். அங்கே படுக்கை விரிப்பு மாற்றுகிறவர். தாதியாக வரவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்க அவருக்குக் கணிதபாடம் ஒன்று குறைவாக இருந்தது. ஆகவே ஒரு கல்லூரியின் இணையவழி அட்சரகணித வகுப்பில் காசு கட்டிப் பதிந்திருந்தார். பதினான்கு கிழமை. கிழமைக்கொரு பாடம், வீட்டுவேலை, சிறு சோதினை, எல்லாம் கொம்பியூட்டரில். கடைசிச் சோதினைக்கு மட்டும் கமராவுக்கு முன்னால் ஆள் இருக்கவேண்டும்.

"தம்பி, நீ கம்பசிலை கணக்குப் படிச்சனிதானே. கிழமைச் சோதினையளை மட்டும் செய்து தாவன். கடைசிச் சோதினைக்கு நான் எப்பிடியும் பாடமாக்கிப்போடுவன்."

நான் உடனே பதில் சொல்லவில்லை. அவர் கையில் இருந்த கத்தரிக்காயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீயும் ஆரோ ஒருத்தன்ரை பேரிலைதானே இஞ்சை கோப்பை கழுவினனி. இதென்ன பெரிய புதினமே?"

அது உண்மைதான். 2012 நவம்பர் 27 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விடுதிக்குள் படையினர் புகுந்தபோது நான் விஞ்ஞான பீடத்தில் இரண்டாம் வருடம். மறுநாள் ஊர்வலத்தில் அடி. அதன்பிறகு கைதுகள். அடுத்த வருடம் வேறொருவரின் கடவுச்சீட்டில், வேறொருவரின் பிறந்த திகதியை மனப்பாடம் செய்துகொண்டு ரொறன்ரோவில் வந்திறங்கினேன். வேலை அனுமதி வரும்வரை ஏழு மாதம் இன்னொருவரின் சமூகக் காப்புறுதி இலக்கத்தில் கோப்பை கழுவினேன். இலக்கத்தின் சொந்தக்காரர் மணிக்கு இரண்டு டொலர் தனக்கென்று கழித்துக்கொண்டார்.

கணிதம் படித்தவன் என்பதால் அந்த இலக்கத்தின் அமைப்பு எனக்கு அப்போதே வேடிக்கையாக இருந்தது. மொத்தம் ஒன்பது இலக்கங்கள். இரண்டாம், நான்காம், ஆறாம், எட்டாம் இலக்கங்களை இரட்டிக்கவேண்டும். இரட்டித்தது ஒன்பதைத் தாண்டினால் அதன் இரு இலக்கங்களையும் கூட்டவேண்டும். பிறகு எல்லாவற்றையும் சேர்த்தால் பத்தின் மடங்கு ஒன்று வரவேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீற்றர் லூன் 1954 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை இது. கடன் அட்டைகளிலும் இதுவே இருக்கிறது. ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினால் உடனே பிடித்துவிடும். ஆளை மாற்றி எழுதினால் அதற்குத் தெரியாது. முதலாளி அந்த எண்ணைக் கொம்பியூட்டரில் அடித்தார், அது ஒத்துக்கொண்டது, நான் கோப்பை கழுவும் இயந்திரத்தின் பக்கம் போனேன்.

அக்காவுக்கு ஓம் என்றேன்.

ஐந்து கிழமைகள் செய்தேன். காசு வாங்கவில்லை. என்னை நல்லவனாகக் காட்டுவதற்காக இதை எழுதவில்லை. காசைவிடப் பெரிய கூலி கிடைத்தது. இரவு பன்னிரண்டரைக்கு அறைக்கு வந்து, எண்ணெய் மணக்கும் சட்டையைக் கழற்றாமலே கொம்பியூட்டரைத் திறப்பேன். ஒருபடிச் சமன்பாடுகள், காரணிப்படுத்தல், இருபடிச் சமன்பாடுகள். ஊரில் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படித்தவனுக்கு இது பெரிய விசயமில்லை. ஆனால் பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு, ஒரு கேள்விக்கு ஒரேயொரு சரியான விடை இருக்கிறது, அதை நான் கண்டுபிடிக்கலாம், கண்டுபிடித்தபின் எவரும் அதை மறுக்கமுடியாது என்ற உணர்வு எனக்குத் திரும்பக் கிடைத்தது. அகதி விசாரணையில் நான் சொன்ன உண்மைகள் எதற்கும் அப்படியொரு நிலை கிடைத்ததில்லை. ஐந்து கிழமைக்கும் சராசரி 97. அந்தப் புள்ளிகள் அக்காவின் பெயருக்குக் கீழே நின்றன. அதைப் பார்க்கும்போது பெருமையாகவும் இருந்தது, யாரோ என் சட்டையைப் போட்டுக்கொண்டு போவதைப் பார்ப்பதுபோலவும் இருந்தது.

ஆறாவது கிழமை வர்க்கமூலம் வரும் சமன்பாடுகள். அதில் ஒரு கணக்கு: ஓர் எண்ணுடன் ஆறைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அதே எண் வருகிறது, அந்த எண் யாது? வர்க்கமூலத்தை நீக்க இரண்டு பக்கத்தையும் வர்க்கிக்கிறோம். வருகிற இருபடிச் சமன்பாட்டுக்கு இரண்டு விடை: மூன்று, மறை இரண்டு. மூன்றை வைத்துப் பார்த்தால் சரி. ஒன்பதின் வர்க்கமூலம் மூன்று. மறை இரண்டை வைத்துப் பார்த்தால் நான்கின் வர்க்கமூலம் இரண்டு. மறை இரண்டு அல்ல. அது பொய்யான விடை. வழியில் ஒரு பிழையும் விடவில்லை, ஆனாலும் பொய் உள்ளே வந்துவிட்டது. வர்க்கிக்கும்போது சக, சய என்ற வித்தியாசம் அழிந்துபோவதால் அது வந்தது. ஆகவே இந்த வகைக் கணக்கில், கிடைத்த விடையை நாம் தொடங்கிய முதற் சமன்பாட்டிலேயே திரும்பப் பிரதியிட்டுப் பார்க்கவேண்டும் என்று ஊரில் எங்கள் ஆசிரியர் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லித்தந்திருந்தார்.

அக்கா சொன்ன நியாயம் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. நீயும் வேறு பேரில் செய்தாய், நானும் வேறு பேரில் செய்கிறேன். இரண்டையும் 'வேறு பேர்' என்று வர்க்கித்தால் ஒன்றாகத்தான் தெரியும். முதற் சமன்பாட்டுக்குப் போய்ப் பார்த்தால்?

எம்மவருக்கு இந்த விடயத்தில் ஒரு விசித்திரமான சரித்திரம் உண்டு. அரிச்சந்திரனுக்காக அழுத சனம் நாங்கள். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தை முந்திய தலைமுறை விடிய விடிய இருந்து பார்த்தது. நாடும் போய், மனைவி பிள்ளையும் போய், சுடலை காக்கிற நிலைக்கு வந்தும் ஒரு பொய் சொல்லாதவனைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான், படம் மாற்றிய கடவுச்சீட்டுகளோடு விமான நிலைய வரிசைகளில் நின்றோம். இதில் கேலி எதுவும் இல்லை. அரிச்சந்திரனைச் சோதித்தவர் விசுவாமித்திரர். எங்களைச் சோதித்தவர்கள் சோதனைச்சாவடிக்காரர்கள். வள்ளுவர்கூட வாய்மை அதிகாரத்தின் இரண்டாவது குறளிலேயே பொய்க்கு ஒரு சிறிய வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்.

காண்ட் திறக்கவில்லை. 1797 இல் அவர் எழுதிய சிறு கட்டுரை ஒன்று இருக்கிறது. கொலைகாரன் ஒருவன் உன் கதவைத் தட்டி, நீ ஒளித்து வைத்திருக்கும் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்கிறார். வெள்ளை வானைக் கண்ட எவரும் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். காண்ட் அதை எழுதியது பிரெஞ்சுக்காரரான பெஞ்சமின் கொன்ஸ்ரானுக்கு மறுப்பாக. உண்மை சொல்வது கடமைதான், ஆனால் அந்த உண்மையைப் பெற உரிமை உள்ளவருக்கு மட்டுமே அந்தக் கடமை என்பது கொன்ஸ்ரானின் வாதம். நான் கொன்ஸ்ரான் பக்கம். என் பெயரை அறிய வாசலில் துவக்கோடு நின்றவனுக்கு உரிமை இருக்கவில்லை. விமான நிலைய அதிகாரிக்கு உரிமை இருந்ததா என்று கேட்டால், இன்றுவரை எனக்குள் ஒரு முடிவும் இல்லை. ஆனால் அந்த ஏழு மாதமும் நான் கழுவிய கோப்பைகள் உண்மையிலேயே கழுவப்பட்டவை. பெயர்தான் பொய், வேலை பொய்யல்ல. அதில் சாப்பிட்ட எவருக்கும் என்னால் வயிற்றுக்குத்து வரவில்லை.

அக்காவின் விடயத்தில் தலைகீழ். பெயர் உண்மை. வேலை பொய். 'இவருக்கு இது தெரியும்' என்று அந்தத் தாள் சொல்லப்போகிறது. அதை யாருக்குச் சொல்கிறது? கல்லூரிக்கு என்றால் நான் அவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டேன்.

அந்தக் கிழமை மரக்கறி வெட்டும் மேசையில் வைத்து அக்காவிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். பாணி மருந்து ஒன்று, ஐந்து மில்லிலீற்றரில் 125 மில்லிகிராம் இருக்கிறது. டொக்டர் 200 மில்லிகிராம் குடுக்கச் சொல்லுறார். எவ்வளவு வார்ப்பியள்?

"அதுக்குத்தானே தம்பி போத்திலிலை கோடு போட்டிருக்கு" என்று சிரித்தார்.

விடை எட்டு மில்லிலீற்றர். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு ஆறாம் கிழமைச் சோதினையைத் திறந்துவிட்டுச் செய்யாமல் மூடினேன்.

அடுத்த நாள் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. இந்த நாட்டில் எதற்கெடுத்தாலும் ஒரு தடை வைத்திருக்கிறார்கள், கிழவிகளுக்கு உடுப்பு மாற்ற வர்க்கமூலம் எதற்கு என்று கேட்டார். அந்தக் கேள்வியைப் படித்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். ஆண்ட்ரூ ஹக்கர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2012 இல், அட்சரகணிதம் அவசியமா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து நியூயோர்க் ரைம்ஸில் எழுதினார். வாழ்க்கையில் பயன்படாத ஒரு பாடத்தை வாசலில் வைத்து ஏழைப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புகிறோம் என்பது அவர் வாதத்தின் சாரம். அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தாதிக்கு விகிதமும் பின்னமும் வேண்டும். வர்க்கமூலச் சமன்பாடு வேண்டுமா என்பது சந்தேகம்தான்.

ஆனால் நான் அக்காவுக்குச் சொன்னது பொப் மோசஸைப் பற்றி. 1960களில் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதியச் செய்த இளைஞர்களில் முக்கியமானவர். அங்கேயும் ஒரு சோதினைதான் வாசலை மறித்தது. வாக்குரிமை கேட்டுப் போன கறுப்பு மனிதரிடம் அரசியல் யாப்பின் ஒரு பகுதியைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொல்வார்கள். எழுதியது சரியா பிழையா என்று தீர்மானிப்பவர் வெள்ளை அதிகாரி. வியட்நாம் போருக்கு ஆள் பிடித்தபோது மோசஸ் கனடாவுக்குத் தப்பிவந்து, மோசஸ் என்ற பெயரை விட்டுவிட்டு வாழ்ந்தார். பிறகு தன்சானியா போய்க் கணிதம் படிப்பித்தார். நாடு திரும்பி 1982 இல் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் கறுப்புப் பிள்ளைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் அட்சரகணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அதுவே அல்ஜீப்ரா புரொஜெக்ற் என்ற இயக்கமானது. வாக்குரிமை எப்படியோ, இனிமேல் அட்சரகணிதமும் அப்படி ஓர் உரிமை என்றார். 2021 இல் இறந்தார். பெயரை மறைத்து வாழ்ந்த ஒருவர், பிள்ளைகளுக்குக் குறுக்குவழி பார்த்துக் கொடுக்காமல், இருபடிச் சமன்பாட்டை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அக்கா முழுவதையும் கேட்டார். "அப்ப அந்தாளைப்போலை நீயும் சொல்லித்தாவன்" என்றார்.

இப்படித்தான் மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில், மூன்று மணியிலிருந்து நாலுமணிவரை, குசினியின் பின்பக்கத்தில் எங்கள் வகுப்பு தொடங்கியது. தக்காளி வந்த மட்டைப்பெட்டிகளின் மூடியில் மார்க்கரால் எழுதுவேன். முதல்நாளே எனக்கு ஒரு விடயம் தெரிந்தது. அக்காவுக்கு அட்சரகணிதம் கஷ்டமில்லை. 'தெரியாக்கணியம்' என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மலர்ந்தது, பள்ளிக்கூடத்தில் கேட்டது என்றார். சக, சயக் கணக்குகளில் பிழை விடுவதில்லை. அவருக்குத் தெரியாதது பின்னம். வேறு வேறு பகுதியெண் உள்ள இரண்டு பின்னங்களைக் கூட்டத் தெரியாது. ஏன் என்று தோண்டியபோது, 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வோடு அவருடைய படிப்பு முறிந்து, கிளிநொச்சியில் மரத்தடியில் திரும்பத் தொடங்கியபோது வகுப்பு அந்தப் பாடத்தைத் தாண்டிப் போயிருந்தது. முப்பது வருடமாக அந்த ஓட்டையை எல்லா வகுப்பிலும் சுற்றிச் சுற்றிக் கடந்திருக்கிறார். நான் ஐந்து கிழமையும் அதன்மேல் 97 என்று எழுதி மூடிக்கொண்டிருந்தேன்.

பின்னத்துக்கு இரண்டு கிழமை போனது. ரொட்டியை வெட்டித்தான் காட்டினேன், முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. ஆறாம் சோதினையில் அக்கா தானாகச் செய்து 54 எடுத்தார். ஏழாவதில் 61. கடைசிச் சோதினையை நினைத்துப் பயப்படுகிறார். கணக்கைவிட கமராவுக்குத்தான் பயம். சோதினைக்கு முன் அறை முழுவதையும் கமராவைச் சுற்றிக் காட்டவேண்டும். அமெரிக்காவில், ஒஹையோவில், அரச பல்கலைக்கழகம் ஒன்று மாணவரின் படுக்கையறையை இப்படிச் சுற்றிப் பார்த்தது அரசியல் யாப்புக்கு முரணான சோதனை என்று 2022 இல் நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். இங்கே அந்தத் தீர்ப்பு செல்லாது. "கட்டிலுக்குக் கீழையும் காட்டவேணுமோ? ஆமிக்காரனுக்குத்தான் கடைசியாக் காட்டினது" என்று கேட்டார். அறையைப் பார்க்கிறவருக்கு அதைப் பார்க்க என்ன உரிமை என்று கொன்ஸ்ரானைத்தான் கேட்கவேண்டும்.

இப்போது எட்டாவது கிழமை. போன செவ்வாய்க்கிழமை பாட ஆசிரியையிடமிருந்து அக்காவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. முதல் ஐந்து கிழமையும் மிக நன்றாகச் செய்தீர்கள், அதன்பிறகு பெறுபேறு இறங்கியிருக்கிறது, வீட்டில் ஏதாவது கஷ்டமா, நான் உதவலாமா என்று அன்பாக எழுதியிருந்தார். அக்கா போனை ஈரக்கையால் பிடித்து எனக்குக் காட்டினார். "இதுக்கு என்னவெண்டு எழுதுறது தம்பி?"

அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. பின்னேரம் யோசிப்போம் என்றேன். நாலு நாளாகிவிட்டது, இன்னும் பதில் போடவில்லை.