கட்டும் கருணையும்

அன்பு விடுதலை அளிக்கும் என்பது பலரும் ஒப்பும் கருத்து. ஆயினும், அன்புடையவரே தம் அன்புக்குரிய உயிரைத் தடுத்து நிறுத்த வேண்டிய வேளைகளும் உண்டு. காய்ச்சலுற்ற குழந்தையைத் தாய் மழையில் ஆட விடுவதில்லை. அக்குழந்தைக்குக் காரணத்தை எடுத்துரைக்கலாம். இன்று விளங்காவிடினும் வளர்ந்தபின் விளங்கும். என்றுமே காரணத்தை அறிய இயலாத ஓர் உயிரை, அதன் நன்மையின் பெயரால் கட்டிவைப்பது எவ்வாறு அறமாகும்? இவ்வினா ஏடுகளில் மட்டும் எழுவதன்று. அன்றாட வாழ்விலும் எழுவது.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் அதனைக் காணலாம். 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் அந்நகரைச் சிதைத்தன. அதன்பின் செங்கற் கட்டடங்கள் எழுந்தன; அவற்றுக்குக் கல் அறுத்த சூளைகளே இவ்வட்டாரத்திற்குப் பெயர் தந்தன. பின்னாளில் இரயில்வே ஊழியர் குடியிருப்புகள் இங்கு நிறைந்தன. இன்றோ துன் சம்பந்தன் சாலையைச் சூழ்ந்து அடுக்குமாடிகள் ஓங்கி நிற்கின்றன. அத்தகைய மாடிவீடு ஒன்றில் ஆறேழு மாதப் பெட்டை நாய்க்குட்டி வளர்வதாகக் கொள்வோர், அதன் நாளெல்லாம் ஓட்டமும் தாவலுமாகவே கழிவதை எளிதில் உணர்வர். அதற்குக் கருத்தடை அறுவை செய்யப்படுகிறது. வயிற்றைத் திறந்து, சூலகங்களையும் பெரும்பாலும் கருப்பையையும் நீக்கி, குருதிக் குழாய்களைக் கட்டி, தசையுறையையும் தோலையும் தைத்து, மருத்துவர் அதனை வீட்டுக்கு அனுப்புகிறார். 10 முதல் 14 நாள்வரை ஓடக்கூடாது, தாவக்கூடாது, புண்ணை நக்கக்கூடாது, குளிப்பாட்டவும் கூடாது என்பது அவர் விதிக்கும் கட்டளை.

முதல் நாள் மயக்கத்தால் குட்டி தானே கிடக்கும். இரண்டு மூன்று நாள்களில் வலிநீக்கி மருந்தின் துணையால் துள்ளத் தொடங்கும். இடர் அங்கேதான் இருக்கிறது. வலி தணிவது புண் ஆறியதற்கு அடையாளம் அன்று. மேல்தோல் விரைவில் கூடிவிடும். உள்ளே வயிற்றைத் தாங்கும் தசையுறை வலுப்பெற நாள்கள் பல செல்லும். ஒரு தாவலில் தையல் பிரியலாம். உள்ளே நீர் கோத்து வீங்கலாம். இயற்கை வலியைக் கொண்டு விதிக்கும் அடக்கத்தை மருந்தினால் நீக்கிய மனிதன், அவ்வடக்கத்தின் பொறுப்பைத் தானே ஏற்க வேண்டியவனாகிறான்.

நாய்க்கு என்ன தெரியும், பத்து நாள் கட்டிப் போட்டால் குறைந்தா போகும் என்று சிலர் கேட்பர். தெரியாமை துன்பத்தைக் குறைப்பதில்லை; சில வேளைகளில் மிகுவிக்கவே செய்கிறது. சிறைப்பட்ட மனிதன் நாள்களை எண்ணுவான். இன்னும் ஐந்து நாள் என்று தேறுவான். நாய்க்குட்டிக்கு எண்ணிக்கையும் இல்லை, முடிவும் இல்லை. நேற்று திறந்திருந்த கதவு இன்று அடைபட்டது என்பதே அது அறிந்த செய்தி. விலங்கு சிந்திக்குமா என்பதைவிட அது துன்புறுமா என்பதே உரிய வினா என்று ஆங்கிலச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தம் 1789இல் வெளியிட்ட நூலில் சுட்டினார். அவ்வினா அறுவைக் கத்திக்கு மட்டும் உரியதன்று; கட்டும் கயிற்றுக்கும் உரியது.

மேலும், இவ்வறுவை முற்றிலும் நாயின் நன்மைக்கே செய்யப்படுகிறது என்று கூறுதல் முழு உண்மை ஆகாது. நன்மைகள் உள்ளன: கருப்பையில் சீழ்பிடிக்கும் கொடிய நோய் தவிர்க்கப்படுகிறது, முதற் பருவத்திற்கு முன் செய்தால் பால்சுரப்பிக் கட்டிகளும் பெரிதும் குறைகின்றன. ஆனால், மனிதர்தம் வசதியும் அதில் கலந்திருக்கிறது. பெட்டை நாய் ஏறத்தாழ 63 நாள்களில் ஈன்றுவிடும். அக்குட்டிகளுக்கெல்லாம் மாடிவீடுகளில் இடமில்லை. வீடற்ற குட்டிகள் தெருவில் பெருகிப் பின்னர்க் கொல்லப்படுவதைக் காட்டிலும் கருத்தடையே மேல் என்பது தக்க வாதமே. சென்னையில் 1959இல் தோன்றிய புளூ கிராஸ் அமைப்பும் அதனையே வலியுறுத்திப் போராடியது. எனினும் நகரின் ஒழுங்குக்காகத் தன் தாய்மையை இழப்பது, இசைவு கேட்கப்படாத அந்த உயிரே. ஆகவே, அறுவைக்குப் பிந்திய பத்து நாள் பணிவிடை மனிதன் இடும் ஈகை அன்று. அவன் திருப்பித் தரவேண்டிய கடன்.

அக்கடனைச் சங்கிலியால் தீர்க்க முடியாது. பின்கட்டில் தனியே கட்டப்பட்ட குட்டி ஓயாது குரைக்கும், இழுக்கும், துள்ளித் துள்ளிப் புண்ணையே வருத்திக்கொள்ளும். உடலைக் கட்டினால் அமைதி வந்துவிடாது. உள்ளத்திற்கு வேலை தந்தால்தான் வரும். வீட்டார் புழங்கும் அறையிலேயே சிறு தடுப்பு அமைத்து, வழுக்காத விரிப்பிட்டு, அருகில் ஒருவர் அமர்ந்திருக்கலாம். உணவைத் தட்டில் கொட்டாமல் துணி மடிப்புகளில் ஒளித்து, மோந்து தேடச் செய்யலாம். மருத்துவர் ஒப்பும் மெல்லும்பொருளைத் தரலாம். மெல்லுதலும் மோத்தலும் நாயின் மனத்தைத் தணிப்பவை. மலசலம் கழிக்க மட்டும் குறுங்கயிற்றில் மெல்ல அழைத்துச் சென்று, மின்தூக்கியில் திரும்பலாம். விருந்தினர் ஆரவாரத்தைச் சில நாள் தவிர்க்கலாம். நக்குவதைத் தடுக்கும் கூம்புக் கவசத்தை, அது முறையிடுகிறதே என்று இரங்கிக் கழற்றலாகாது. இவற்றாலும் அடங்காத குட்டிக்கு அமைதி மருந்து உண்டு. அதனை மருத்துவரே தரவேண்டும். மனிதர் உண்ணும் வலி மாத்திரைகள் நாய்க்கு நஞ்சாகக் கூடும். புண் சிவந்து வீங்கினாலும், நீர் கசிந்தாலும், குட்டி உண்ணாது சோர்ந்தாலும் காலம் தாழ்த்தாது மருத்துவரை நாடவேண்டும்.

மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், உரிமையாளர் தம் விலங்கை வலியினின்றும் காயத்தினின்றும் காக்கவேண்டும் என்கிறது. அது தன் இயல்புப்படி நடக்க வாய்ப்பளிக்கவேண்டும் என்றும் கூறுகிறது. இந்தப் பத்து நாள்களில் இவ்விரு கடமைகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஓடவிட்டால் காயம், தடுத்தால் இயல்புக்கு ஊறு. இரண்டையும் பொருத்திக் காட்டுவது சட்டத்தின் எழுத்தால் ஆவதன்று; அருகிருப்பவரின் பொறுமையால் ஆவது.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தை நான்காக வகுத்து, நோயாளி, மருத்துவர், மருந்து என்பவற்றோடு உழைச்செல்வானையும் சேர்த்தார். உழை என்பது பக்கம். பக்கத்தில் இருந்து பணிபுரிபவன் இன்றி மருத்துவம் நிறைவதில்லை என்பது அவ்வகுப்பின் உட்பொருள். கட்டும் உரிமை எவருக்கு உண்டு என்ற வினாவுக்கும் அங்கே விடை கிடைக்கிறது. கட்டப்படும் உயிருக்கு அதனால் உண்மை நன்மை விளைய வேண்டும். கட்டு தேவைக்கு மிகாதிருக்க வேண்டும். அதற்கு நாள் எல்லை வேண்டும். கட்டியவனும் அதில் ஒரு பங்கைத் தான் சுமக்க வேண்டும். மாலை உலாவைக் கைவிட்டு, உறக்கம் குறைத்துத் தடுப்பருகே அமர்பவன் அப்பங்கைச் சுமக்கிறான். குட்டியை அடைத்துவிட்டு வெளியே உலாவச் செல்பவனுக்கு அவ்வுரிமை இல்லை.

தையல் பிரித்து, மருத்துவர் விடைதந்ததும் குட்டி மீண்டும் ஓடும். ஏன் தடுக்கப்பட்டோம் என்று அது ஒருபோதும் அறியாது; நன்றி கூறவும் செய்யாது. விளங்கிக்கொள்ள இயலாத உயிரிடம் நியாயமாக நடந்துகொண்டோமா என்பதை வீட்டார் தம் மனச்சான்றிடம்தான் கேட்டறிய வேண்டும்.