வெறும் தண்ணீர்

சென்ற சித்திரையில் இராமநாதபுரம் சீமையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அத்தை, எண்பது வயதைக் கடந்தவள், நான் நீட்டிய பித்தளைச் சொம்பிலிருந்து இரண்டு மிடறு அருந்திவிட்டு, "தண்ணி இனிக்குதப்பா" என்றாள். நீரிழிவுக்காக வைத்தியர் சர்க்கரையை அடியோடு விலக்கிப் பல வருஷங்கள் ஆகிவிட்டபடியால், யாரோ தெரியாமல் சர்க்கரையைக் கலந்துவிட்டதாக அவள் அஞ்சுவாளோ என்ற பதற்றத்தில், "இல்லை அத்தை, வெறும் தண்ணீர்தான்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை; பாதிக்குமேல் தண்ணீர் இருந்த சொம்பைத் தரையில் வைத்துவிட்டாள்.

அந்தப் பாதிச் சொம்பு இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

சிறுவயதில் விடுமுறைக்கு அவள் ஊருக்குப் போவேன். வீட்டுக் கிணற்று நீர் கரிக்கும், குடிப்பதற்கு ஊருணிதான். அதுவும் வற்றிப்போகும் கோடையில், மணலில் ஊற்றுத் தோண்டி, கசிந்து சேரும் நீரைச் சிரட்டையால் கோரிக் கோரி அத்தை குடத்தை நிரப்புவாள். நிரம்புவதற்குள் நான் கரையிலேயே உறங்கிப்போவேன். அந்த நீரை அவள் 'இனிப்புத் தண்ணி' என்பாள். அதில் ஏது இனிப்பு? உப்பில்லை, அவ்வளவே.

பள்ளியில் மனப்பாடம் செய்து பெரும்பாலும் மறந்துவிட்ட இனியவை நாற்பதிலே, கடன்பட்டு உண்ணாமல் வாழ்வதையும் பூதஞ்சேந்தனார் இனிது என்று சொல்லியிருப்பது மட்டும் ஏனோ நினைவில் தங்கியிருக்கிறது. கடனின்மைக்கு ருசி ஏது? ஆயினும் கடன்காரனின் குரல் வாசலில் கேட்காத ஒரு காலையை அநுபவித்தவனுக்கு அந்தப் பிரயோகம் பொருந்தாது என்று தோன்றாது. துன்பத்துக்கே 'இன்னா', அதாவது இனிமையற்றது, என்று பெயரிட்ட பழந்தமிழர், இன்சொல், இன்முகம் என்று நாவுக்கு எட்டாதவற்றின்மேலெல்லாம் இந்த விசேஷணத்தை ஏற்றினார்கள். உயிரையும் இன்னுயிர் என்றார்கள். ஆனால் யாரோ அதை ஈந்துவிட்ட பிறகே பெரும்பாலும் நாம் அப்படிச் சொல்கிறோம்.

ஆகையால் அத்தை சொன்னது சர்க்கரையைப் பற்றி அன்று என்றே நினைக்கிறேன். 'வெறும்' என்று நான் சொன்ன ஒரு சொல்லால், அவள் சிரட்டை சிரட்டையாகக் கோரிய கோடைகளையெல்லாம் அற்பமாக்கிவிட்டேனோ என்று வருந்துகிறேன். அல்லது தாகம் அவ்வளவில் தீர்ந்துபோயிருக்கலாம்; கிழவிக்கு இரண்டு மிடறு போதாதா? ஊருக்குத் திரும்பிவிட்ட அவளிடம் கேட்கலாமென்று பலமுறை நினைத்தும், கேட்க வாய் எழவில்லை.

மீந்த தண்ணீரை அன்று முற்றத்துத் துளசிக்கு ஊற்றிவிட்டேன். அதில் ஒரு மிடறு நானும் குடித்துப் பார்த்திருக்கலாம். குடித்திருந்தாலும், குழாயைத் திருகியே வளர்ந்த என் நாவுக்கு அது இனித்திருக்குமா என்பது தெரியவில்லை.