சிறார்க்கு அறம் புகட்டுமாறு

தொடக்கப் பள்ளியிற் பயிலும் இளஞ்சிறார்க்கு ஒழுக்கத்தைப் புகட்டுமாறு யாங்ஙனம் என்பது ஈண்டு ஆராயற்பாலது. நீதிப் பாடங்களை நெட்டுருப் பண்ணுவித்தலே அமையும் என்பாரும், தவறியவழி ஒறுத்தலே வேண்டும் என்பாரும், மலத்தாற் பிணிப்புண்ட உயிர்க்கு அறங் கற்பித்தல் இயலாது என்பாரும் என முத்திறத்தார் உளர்.

இறுதியில் நின்றார் கூற்றை முதற்கண் நோக்குவாம். ஆணவம் உயிரை அநாதியே பற்றியுள்ளது என்பது மெய்யே. ஆயினும், உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று என்பதும் நம் சித்தாந்தத் துணிபாம். படிகம் தன்னருகு வைத்த மலரின் நிறத்தைத் தன்னிறம்போற் காட்டும். அங்ஙனமே, மலத்தைச் சார்ந்து மலமாய் நிற்கும் உயிர்தானே நல்லாரைச் சார்ந்து நன்றாதற்கும் உரியது. ஆதலின் கற்பித்தல் இயலுமோ என்பது வினாவன்று. எதனைச் சார்விப்பது என்பதே வினா.

இனி, ஒறுத்தலை வேண்டுவார் அச்சத்தைச் சார்விக்கின்றனர். அச்சத்தைச் சார்ந்த சிறுவன் ஆசிரியர் காணுமிடத்துப் பொய்யான், காணாவிடத்துப் பொய்ப்பான். இந்தியாவில் 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தன் 17-ஆம் பிரிவால், பிள்ளைகளின் உடலை வருத்தும் தண்டனையையும் உள்ளத்தை நலியச் செய்தலையும் விலக்கிற்று. இதனால் ஒழுக்கம் கெட்டதென வருந்துவார் நம்மவருள்ளும் உளர். பிரம்பு நீங்கியவுடன் நீங்கிய ஒழுக்கம் பிரம்பினதேயன்றிச் சிறுவனதன்று என்பதை அவர் உணர்வாராக.

நெட்டுருவோ எனின், அது வேண்டுவதே. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பொருள் விளங்குமுன்னரே நாவிற் பதியின், பக்குவம் வந்துழி உதவும். ஆனால் அதுவே அமையாது. என்னை? கண்ணுக்குப் பொருளைக் காட்டும் உயிர் காட்டுதலோடு ஒழியாது தானும் உடனின்று காணுதல்போல, இறைவன் உயிர்க்குக் காட்டியும் உடன் கண்டும் உதவுகின்றான் எனச் சிவஞானபோதம் 11-ஆம் சூத்திரம் உணர்த்துகின்றது. காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என நம் ஆசிரியன்மார் வழங்குவன இவையே. பள்ளியாசிரியரும் தம்மளவில் இவ்விரண்டும் செய்தற்குரியர். நூலால் அறத்தைக் காட்டி, தாம் அதன்கண் நில்லாராயின், பாதியுதவியே செய்தாராவர். பொய் சொல்லற்க எனப் பாடஞ் சொல்லிய ஆசிரியரே, மேலதிகாரி வரும் நாளில் வாராத பிள்ளைகளையும் வந்தாராக வருகைப் பதிவேட்டில் எழுதுவாராயின், சிறார் கற்பது அவர் சொல்லிய பாடத்தையோ, செய்த பாடத்தையோ?

ஆறுமுக நாவலர் 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவ்வாண்டிலேயே பாதிரிமார் பள்ளியில் தாம் வகித்த உத்தியோகத்தையும் துறந்தார். பின்னர் நான்காம் பாலபாடத்தில் பொய், களவு, அழுக்காறு, செய்ந்நன்றியறிதல் முதலியவற்றைத் தனித்தனிப் பாடமாக எழுதினார். ஊதியத்தினும் கொள்கையைப் பெரிதாக மதித்தவர் எழுதியமையே அப்பாடங்கட்குத் தனி வலிவு தந்தது.

அற்றேல், அரசின் பொருளாலேயே முற்றும் நடைபெறும் பள்ளிகளிற் சமயபோதனை கூடாதென 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 28-ஆம் உறுப்பு விலக்கியுள்ளதே. ஆண்டுச் செய்வது என்னை எனின், கூறுதும். வாய்மையின் நிற்றலையும், எளிய பிள்ளையை இகழாமையையும், தன் பிழையைச் சிறார் முன் ஒப்புக்கொள்ளலையும் எச்சட்டமும் விலக்கவில்லை. காணும் உபகாரத்திற்குத் தடை யாண்டும் இல்லை.

ஆகவே, பள்ளிகள் நடத்தும் ஆதீனங்களும் சைவச் சபைகளும் புதிய நீதிநூல் அச்சிடுதற்கு முன், ஆசிரியரைத் தேர்தலிற் கருத்தூன்றுதல் வேண்டும். பட்டத்தை வினவுமளவு ஒழுக்கத்தையும் வினவுக. சிறுவன் நாள்தோறும் சார்வது புத்தகத்தையன்று, அவரையே ஆதலின் என்க.