கலிங்கு இல்லாத ஏரி

சீடன்: ஐயா, வருகிற தையில் எனக்கு 50 வயது நிறைகிறது. காலையில் அரசு ஆஸ்பத்திரி, மாலையில் சொந்தக் கிளினிக், தனியார் மருத்துவமனைகள் அழைத்தால் அங்கும் என்று ஓடி ஓடிச் சம்பாதித்தும், மூத்தவளின் மேற்படிப்பு, இளையவனின் கல்லூரிக் கட்டணம், வீட்டுக் கடன், நினைவு தப்பி என்னைத் தம் தம்பியென்று எண்ணிப் பேசும் தகப்பனாரின் பராமரிப்பு ஆகியவற்றின் பாரம் குறைந்தபாடில்லை. இவையெல்லாம் தீர்ந்த பிறகு ஏழைகளுக்கு வைத்தியம் செய்து ஜன்மத்தைப் பயனுள்ளதாக்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். தீரும் என்ற நம்பிக்கையே இப்போது போய்விட்டது.

குரு: மாதம் எவ்வளவு வந்தால் உன் குடும்பத்துக்குப் போதும்?

சீடன்: அப்படி ஒரு தொகையை நான் நிர்ணயித்ததில்லை.

குரு: உன் கஷ்டத்துக்கு மூலகாரணம் அதுவே, அப்பா. நம் நாட்டில் ஏரி வெட்டிய முன்னோர் கரையை எழுப்பினார்கள். வயலுக்கு நீர் விட மதகு வைத்தார்கள். அத்தோடு நில்லாமல், இந்த மட்டத்துக்கு மேல் நீர் நிற்கலாகாது என்று தீர்மானித்து, மிகுந்தது வழிந்தோடிக் கீழேயுள்ள அடுத்த ஏரியைச் சேரும்படி கலிங்கும் கட்டினார்கள். கரை எத்தனை பலமாயிருந்தாலும், கலிங்கு இல்லாத ஏரி ஒரு பெருமழையில் உடைந்துபோகும். உன் தேகம் கரை. உன் குடும்பம் அந்த நீர் பாயும் ஆயக்கட்டு. கலிங்கைத்தான் நீ கட்டவில்லை.

சீடன்: மழை ஓயும் சமயத்தில் கலிங்கின்மேல் நட்டிருக்கும் கற்களுக்கிடையே மண்ணும் தழையும் அடைத்து நீர்மட்டத்தை உயர்த்திக்கொள்வதும் உண்டல்லவா? என் சம்பாத்தியத்துக்கும் மழை ஓயும் பருவம் நெருங்குகிறது. இப்போது அடைத்து வைத்து, ஓய்வு பெற்றபின் திறந்துவிட்டால் என்ன? டாக்டர் வெங்கடசாமி அவர்கள் 1976-இல், 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதானே மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்?

குரு: நல்ல ஆட்சேபம், இதற்கு விரிவாகவே விடை சொல்ல வேண்டும். கலிங்கில் மண் அடைப்பவர்கள் முதலில் கரைமேல் நடந்து, எங்கேனும் கசிவு உண்டா என்று பார்த்த பிறகே அடைப்பார்கள். காலையில் முதலாவதாக வந்த நோயாளியின் அடிவயிற்றில் வலப்பக்கம் மெல்ல அழுத்தி, கையைச் சட்டென்று எடுக்கும்போது அவன் முகம் சுளிக்கிறதா என்று கவனித்துக் குடல்வால் அழற்சியைக் கண்டுகொள்ளும் நீ, இரவு பத்து மணிக்கு வருகிறவனின் வயிற்றைத் தொட்டும் பாராமல் ஸ்கேனுக்குச் சீட்டு எழுதுகிறாயே, அதுதான் கசிவு. அந்தக் கரையை நம்பியா இன்னும் ஓர் அடி நீரை உயர்த்தப்போகிறாய்?

இனி வெங்கடசாமி அவர்களின் திருஷ்டாந்தத்துக்கு வருவோம். அவர் 58 வயதில் திடீரென்று தொண்டராகிவிடவில்லை. மகப்பேறு மருத்துவராக விரும்பியிருந்த அவரை இளம் பிராயத்திலேயே முடக்குவாதம் படுக்கையில் தள்ளி விரல்களைக் கோணலாக்கிவிட, அந்தக் கோணல் விரல்களில் கத்தியைப் பிடிக்கப் பழகிக் கண் அறுவையைக் கற்றுக்கொண்டவர், அரசுப் பணியில் இருந்த காலத்திலேயே கிராமங்களுக்குச் சென்று கண் முகாம்கள் நடத்தினார். 11 படுக்கைகளோடு அவர் தொடங்கிய மருத்துவமனை அந்தத் தொண்டின் தொடர்ச்சியே. கட்டணம் செலுத்தக்கூடியவர்களின் பணத்தைக்கொண்டே செலுத்த இயலாதவர்களுக்கும் சிகிச்சை செய்யும் ஏற்பாட்டை அங்கே வகுத்தாரே, அது கலிங்கல்லாமல் வேறென்ன? கொடுத்தல் என்பது அப்பியாசத்தால் வருவது. 25 ஆண்டுகள் ஒவ்வொரு மாலைக்கும் விலை கட்டிப் பழகியவனுக்கு விலையில்லாத மாலை வீணான மாலையாகவே தோன்றும். ஓய்வுக்குப் பின் தொண்டு என்று சொல்லி வந்தவர்கள், ஓய்வு பெற்ற மறு மாதமே வேறொரு மருத்துவமனையில் சம்பளத்துக்கு அமர்வதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர்கள் பொய்யர்கள் அல்லர், அப்பியாசம் இல்லாதவர்கள். மேலும், மட்டம் குறிக்கப்படாத ஏரி எந்த நாளில் நிறைந்தது என்று யார் சொல்ல முடியும்? இன்று கடன் தீர்ந்தால் நாளை மகளின் கல்யாணம், அதன்பின் மகனுக்கு ஒரு கிளினிக் என்று ஆயக்கட்டு விரிந்துகொண்டே போகும்; நிறையாத ஏரியிலிருந்து வழிவதும் இராது.

சீடன்: வெங்கடசாமி அவர்கள் மணமாகாதவர், ஐயா.

குரு: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களுக்குக் கணவரும் இரு புதல்வரும் உண்டு. 1930-இல் ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தை நிறுவிய அவரே, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை மறவாமல் உழைத்து, 1954-இல், 68 வயதை எட்டும் தறுவாயில், அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தி அங்கேயே மருத்துவராக உழைத்தார். வெங்கடசாமி அவர்களுக்கும் தங்கை நாச்சியாரும் அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் துணை நின்றார்கள். குடும்பம் தடை என்கிறாயே, உன் மனைவியை ஒரு நாளாவது கேட்டதுண்டா?

சீடன்: கேட்டதில்லை. ஆனால் மூப்பும் வந்துவிட்டது. எழுத்து மங்குகிறது, முழங்கால் வலிக்கிறது.

குரு: 40-க்கு மேல் கண்வில்லையின் நெகிழ்ச்சி குறைவது எல்லோருக்கும் உள்ளதே. கண்ணாடி போட்டுக்கொள், தினமும் நட.

சீடன்: நோயாளிகளை அனுப்புவதற்காக ஸ்கேன் நிலையத்தார் தரும் கமிஷனை வாங்கி ஏழைகளுக்கே செலவிட்டாலோ?

குரு: கூடாது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் அதைத் தடுத்திருக்கின்றன, வாதத்துக்கு இடமில்லை.

இனிச் செய்ய வேண்டியதைக் கேள். இன்றிரவே மனைவியோடு உட்கார்ந்து, பிள்ளைகளின் படிப்பு, கடன் தவணை, தகப்பனாரைக் கவனிக்கும் ஆளின் சம்பளம், உங்கள் இருவரின் முதுமைக்கு வேண்டிய சேமிப்பு ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கூட்டு. ஒன்றையும் குறைத்து எழுதாதே. வறண்ட ஏரியால் யாருக்கும் பயனில்லை. அந்தத் தொகைக்கு வாரத்தில் எத்தனை மாலை உழைத்தால் போதும் என்பது தெரிந்துவிடும். மிஞ்சும் மாலைகளுள் ஒன்றைத் தகப்பனார் அருகில் இருக்க ஒதுக்கு. அவர் உன்னைத் தம்பி என்றால் தம்பியாகவே பதில் சொல். இன்னொன்றை ஏழைகளுக்குக் கொடு. தொண்டுக்கான நேரத்தைப் பணம் தரும் மாலைகளிலிருந்து எடு, வீட்டாருக்குரிய ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எடுக்காதே. விலைவாசி ஏறினால் ஆண்டுக்கு ஒருமுறை தொகையைத் திருத்தலாம். மனைவியின் சம்மதமின்றி உயர்த்தக் கூடாது.

சீடன்: எப்போது தொடங்கட்டும், ஐயா?

குரு: இந்த வாரமே. வியாழக்கிழமை மாலைகளில் கட்டணம் வாங்குவதில்லை என்று கிளினிக் வாசலில் எழுதிப் போடு.