சொந்த மைதானம் – ஓர் அறநோக்கு

ஓர் அணி தனது ஊரைவிட்டு நீங்கி, அயல்நாடொன்றில் ஆடி, அதனையே தன் ‘சொந்த மைதான ஆட்டம்’ எனக் கணக்கெழுதுவது அறமாகுமா? மேலோட்டமாக நோக்குவார்க்கு இது செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்துக்குரிய சிறு வினாவாகத் தோன்றலாம். ஆயின், ஓர் ஊரின் பெயர் யாருக்குரியது, அதனை விலைபேசும் உரிமை எவர்க்குண்டு, ஊரைவிட்டு நீங்குதல் எந்நிலையிற் குற்றமாகும் என்னும் வினாக்கள் அதனுள் அடங்கிக் கிடக்கின்றன. மெய்யியல் பயில்வோர் மட்டுமன்றி, இடம்பெயர்வை அறிந்த சமூகத்திற் பிறந்த எவரும் சிந்திக்கத்தக்க வினாக்கள் இவை.

இவ்வினா என்னுள் எழுந்த சந்தர்ப்பத்தை முதலிற் கூறுதல் பொருந்தும். 2020 ஆம் ஆண்டின் இறுதியில் முதலாவது லங்கா பிரிமியர் லீக் துடுப்பாட்டத் தொடர் நடைபெற்றது. திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் உள்ள எமது வீட்டில் அனைவரும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தோம். யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி வென்றுகொண்டிருந்தது. துடுப்பாட்டம் அறியாத அம்மம்மா, “இது யாழ்ப்பாணத்திலயோ நடக்குது?” என வினவினார். “இல்லை அம்மம்மா, அம்பாந்தோட்டையில” என்றேன். சற்று நேரம் திரையை நோக்கியிருந்தவர், “அப்ப அந்தப் பிள்ளையளும் இடம்பெயர்ந்துதான் விளையாடுதுகளோ?” என்றார். எல்லோரும் சிரித்தோம். அச்சிரிப்பு அடங்கிய பின்னரும் அவரது வினா என்னைவிட்டு அகலவில்லை.

இனி, உலகில் நிகழ்ந்தவற்றை நோக்குவோம். 2008 இல் தொடங்கிய இந்தியன் பிரிமியர் லீக், நகரங்களினதும் மாநிலங்களினதும் பெயர்தாங்கிய அணிகளைக் கொண்டது. அதன் இரண்டாவது தொடர் 2009 இல் இந்தியப் பொதுத்தேர்தலுடன் ஒரே காலத்தில் வந்தது. இரண்டுக்கும் ஒருசேரப் பாதுகாப்பு வழங்க இயலாத நிலை தோன்றவே, தொடர் முழுவதும் தென்னாபிரிக்காவுக்கு மாற்றப்பட்டது. ஏப்ரல் 18 முதல் மே 24 வரை சென்னையும் மும்பையும் கொல்கத்தாவும் கேப் டவுனிலும் டர்பனிலும் ஜொகான்னஸ்பேர்க்கிலும் ஆடின. 2014 இல், மீண்டும் தேர்தலின் பொருட்டு, முதல் 20 ஆட்டங்கள் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்தன. கொள்ளைநோய்க் காலமாகிய 2020 இல் முழுத்தொடரும், 2021 இல் பிற்பகுதியும் அங்கேயே நடைபெற்றன. 2021 அக்டோபர் 15 அன்று சென்னை அணி கிண்ணத்தை வென்றது துபாயிலேயே.

பாக்கிஸ்தானின் கதை இதனினும் துயரமானது. 2009 மார்ச் 3 அன்று லாகூரில் இலங்கை அணியினர் சென்ற பேருந்து தாக்கப்பட்டது. அதன் பின்னர் பல்லாண்டுகள் அயல்நாட்டு அணிகள் அங்குச் செல்லத் தயங்கின. 2016 இல் தொடங்கிய பாக்கிஸ்தான் சூப்பர் லீக்கின் முதலாவது தொடர் முழுவதும் அமீரகத்திலேயே நடந்தது. ஆயின் 2017 இல் இறுதியாட்டம் மட்டும் லாகூருக்குத் திரும்பியது. பின்வந்த ஆண்டுகளிற் படிப்படியாக ஆட்டங்கள் தாயகம் மீண்டன. 2020 இல் முழுத்தொடரும் அந்நாட்டிலேயே நடந்தேறியது.

மேற்கூறியவை அச்சத்தாலும் நோயாலும் நேர்ந்த பெயர்ச்சிகள். வேறொரு வகையும் உண்டு. அமெரிக்க உதைபந்தாட்டத் தொழின்முறை அமைப்பான நஷனல் ஃபுட்போல் லீக், 2007 அக்டோபர் 28 அன்று இலண்டன் வெம்பிளி அரங்கில் ஓர் ஆட்டத்தை நடத்தியது. அதில் மயாமி நகரத்து அணியே ‘சொந்த’ அணி. மயாமியிற் போருமில்லை, பிணியுமில்லை; இலண்டனிற் சந்தை இருந்தது. ஸ்பானிய உதைபந்தாட்ட லீக்கும் வியாரியல், பார்சிலோனா ஆகிய கழகங்களின் ஆட்டமொன்றை 2025 டிசெம்பரில் மயாமியில் நடத்தத் திட்டமிட்டது. வியாரியல் சிற்றூர்க் கழகம். அந்த ஆட்டம் அதன் சொந்த மைதானத்துக்குரியது. இரசிகர்கள் எதிர்த்தனர். ஆட்டக்காரர்களோ, அக்டோபரில் நடந்த லீக் ஆட்டங்களிற் தொடக்க வினாடிகளில் அசையாது நின்று தம் எதிர்ப்பைக் காட்டினர். அம்மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

இவ்விரு வகைகளையும் ஒரே தராசில் இடலாமா? இதற்கு விடைகாணுமுன் ‘சொந்த மைதானம்’ என்பதன் பொருளை நாம் தெளிதல் வேண்டும்.

தொல்காப்பியர் அகத்திணைக்கு நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கொண்டார். மாந்தரும் தொழிலும் பறையும் யாழும் ஒரு நிலத்தைச் சார்ந்தே பொருள்பெறுகின்றன என்பது அப்பாகுபாட்டின் உட்கிடை. இக்காலத் தொழின்முறை அணிக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். சென்னை அணியை நெடுங்காலம் தலைமையேற்று நடத்திய தோனி ராஞ்சியைச் சேர்ந்தவர். ஆட்டக்காரர் ஏலத்தில் எடுக்கப்படுகின்றனர், பயிற்றுநர் அயல்நாட்டினராய் இருத்தல் வழமை, உரிமையாளரும் மாறலாம். அங்ஙனமாயின் சென்னை அணியிற் சென்னைக்குரியது யாது? சேப்பாக்கம் மைதானமும் அங்குக் கூடும் மக்களுமே. ஏனைய பிணைப்புக்கள் யாவும் தளர்ந்துவிட்ட நிலையில் பெயருக்கும் ஊருக்குமிடையே எஞ்சிநிற்கும் பிணைப்பு மைதானம் ஒன்றுதான். அதனையும் அறுத்துவிடின் ஊர்ப்பெயர் சரக்கின்மீது ஒட்டிய சீட்டாகிவிடும்.

இவ்விடத்தில் என் கருத்தொன்றைத் துணிந்து முன்வைக்கின்றேன். சொந்த மைதானத்தில் ஓர் ஊர் பெறுவது ஆட்டத்தைக் காணும் வாய்ப்பு மட்டுமன்று. காட்சியைத் தொலைக்காட்சி எவர்க்கும் வழங்கும். அவ்வூர் பெறும் தனிச்சிறப்பு, வந்தவரை வரவேற்கும் உரிமை. எதிரணி அங்கு விருந்தினர்; ஊரவரே விருந்தளிப்போர். கடலைவிற்கும் சிறுவன் முதல் வாயிற்காவலர் வரை, அன்று ஊர் முழுவதும் ஒரு வீடாகின்றது. விருந்தோம்பலுக்கெனத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் அதனை இல்லறவியலில் வைத்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. இல்லம் இருப்பவரே விருந்தோம்ப இயலும். ஆதலின் சொந்த ஆட்டத்தை அயல்நாட்டுக்கு விற்பவர், தம் ஊரவரின் விருந்தோம்பும் உரிமையையே விற்கின்றனர்.

நம் நாட்டின் அனுபவமும் இதனை விளக்கும். 1996 உலகக் கிண்ணத் தொடரில், கொழும்பில் நிகழ்ந்த மத்திய வங்கிக் குண்டுவெடிப்பை அடுத்து, அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் இங்கு வர மறுத்தன. இலங்கைக்குப் புள்ளிகள் கிடைத்தன. எனினும், விருந்து சமைத்து வைத்து, வாராத விருந்தினரை எதிர்நோக்கிய வீட்டாரின் மனக்குறையைப் புள்ளிகள் தீர்க்கவில்லை. அக்காலத்திற் கொழும்புக்கு வந்து ஆடிய இந்திய – பாக்கிஸ்தான் கூட்டணியை மக்கள் நன்றியுடன் நினைவுகூர்வதற்குக் காரணமும் இதுவே. மறுதலையாக, 2022 ஆசியக் கிண்ணத்தை நடத்தும் உரிமை இலங்கைக்கே இருந்தது. பொருளாதார நெருக்கடியால் தொடர் அமீரகத்துக்குச் சென்றது. விருந்தளிப்பவர் பெயர் இலங்கை. வீடு மட்டும் பிறருடையது. செப்டெம்பர் 11 அன்று துபாயில் பாக்கிஸ்தானை 23 ஓட்டங்களால் இலங்கை வென்றபோது நாம் மகிழ்ந்தோம். அவ்வாட்டம் கொழும்பில் நடந்திருக்கலாகாதா என்ற ஏக்கமும் அம்மகிழ்ச்சியிற் கலந்திருந்தது.

இதற்கு மாறான வாதங்களைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. முதலாவது வாதம் பொருளாதாரம் பற்றியது. அயல்நாட்டு ஆட்டத்தால் வரும் வருவாய் கழகத்தை வாழவைக்கும். கழகம் வாழின் ஊருக்கும் நன்மை. ஓர் ஆண்டில் ஓர் ஆட்டம் குறைவதால் என்ன கேடு? கான்ற் என்னும் ஜெர்மன் மெய்யியலாளர் 1785 இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில் விலைக்கும் மாண்புக்கும் வேறுபாடு வகுத்தார். விலையுடையதற்கு ஈடாக மற்றொன்றை வைக்கலாம், மாண்புடையதற்கு ஈடில்லை. ஒரு மைதானத்துக்கு அத்தகைய மாண்பு உண்டென நான் வாதிடவில்லை. அங்குக் கூடும் மனிதர்க்கு அது உண்டு. அவர்களைக் கேளாமலே அவர்களது பங்கினை விற்று, “நுழைவுச்சீட்டின் பணத்தைத் திருப்பித் தருகிறோம்” எனக் கூறுவது, அவர்களை வாடிக்கையாளராக மட்டுமே கருதுவதாகும். இழப்பு சிறிதாயிருக்கலாம். கேளாமை சிறிதன்று.

இரண்டாவது வாதம் இதனினும் வலியது. என்னைத் தடுமாறச் செய்ததும் அதுவே. அயல்நாட்டில் வாழும் இரசிகனுக்கு உரிமையில்லையா? எமது மாவட்டத்தின் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் எத்தனையோ பேர் வளைகுடா நாடுகளில் உழைக்கின்றனர். சேப்பாக்கத்தை ஒருநாளும் காணவியலாத அத்தொழிலாளி, துபாயில் ஒரு மாலைப்பொழுது தன் மொழியிற் கூவி மகிழ்வானாயின் அது நற்பேறன்றோ? 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் வாழும் டர்பன் நகரில் 2009 இல் சென்னையின் பெயர் ஒலித்தது வீணாகுமா? ஆகாது. அம்மகிழ்ச்சி மெய்யானது. ஆயினும் அம்மகிழ்ச்சியை வழங்க வேறு வழியுண்டு. அணிகள் சுற்றுலா செல்லலாம். நட்புறவு ஆட்டங்கள் ஆடலாம். உறவினர் வீட்டுக்கு விருந்தாகச் செல்வதை எவரும் குறைகூறார். தன் வீட்டைப் பூட்டிவிட்டு, வாயிலில் நிற்கும் உடன்பிறந்தாரை நோக்கி, “நான் சென்ற இடமே இனி நம் வீடு” என்பதையே குறைகூறுகின்றோம்.

கட்டாயத்தால் நேரும் பெயர்ச்சியோ வேறு. உயிர்க்கு அஞ்சி வீட்டைவிட்டு ஓடுபவன் வீட்டைத் துறந்தவனாகான். லாகூரின் இரசிகர் தம் லீக் அமீரகத்தில் ஆடியமைக்காக அதனைப் பகைக்கவில்லை. அது திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருந்தனர். 2018 இல் காவிரிப் போராட்டத்தின்போது சென்னை அணியின் ஆட்டங்கள் புனேக்கு மாற்றப்பட்டன. ஏறத்தாழ ஆயிரம் இரசிகர் சிறப்பு இரயிலில் அங்குச் சென்றனர். வீட்டார் தாமே வீட்டைத் தேடிச் சென்ற நிகழ்ச்சி அது. எனவே ஒரு பெயர்ச்சியின் அறத்தை அளக்க மூன்று வினாக்கள் போதும் என்பேன். நீங்காதிருக்க இயலுமாயிருந்ததா? பின்தங்கிய ஊரவரிடம் கேட்கப்பட்டதா? திரும்பிவரும் எண்ணம் உண்டா?

இவ்வளவுகோலை யாழ்ப்பாண அணிக்கு வைத்துப் பார்க்கும்போது புதியதொரு சிக்கல் எழுகின்றது. அது நீங்கிச் சென்ற அணியன்று. ஒருநாளும் தன் வீட்டுக்குட் புகாத அணி. 2020 முதல் 2024 வரை நடந்த ஐந்து தொடர்களில் நான்கினை அது வென்றது. அம்பாந்தோட்டையிலும் கொழும்பிலும் பல்லேகலையிலும் தம்புள்ளையிலும் ஆடியது. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆட்டமேனும் ஆடவில்லை. முதல் ஆண்டு கொள்ளைநோய் காரணம். அதன் பின்னரும் அத்தகைய ஆட்டத்துக்கேற்ற அரங்கு அங்கு இருக்கவில்லை. எனவே எவரையும் எளிதிற் குற்றஞ்சாட்ட இயலாது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவராகிய விஜயகாந்த் வியாஸ்காந்த் அவ்வணிக்காகப் பந்துவீசியபோது வடக்கும் கிழக்கும் அடைந்த பெருமிதமும் பொய்யன்று. லீக்கில் எமது மாகாணத்தின் பெயரில் அணி ஏதும் இல்லாமையால் நாமும் அதனையே எமதெனக் கொண்டாடினோம். எனினும் ஓர் ஊரின் பெயரைச் சூடுபவர் அவ்வூருக்குக் கடன்படுகின்றனர். அக்கடன் கிண்ணங்களால் தீராது; மைதானத்தாலும் அங்குப் பயிலும் சிறுவராலுமே தீரும். 2025 செப்டெம்பரில் மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட அரங்கொன்றுக்கு அடிக்கல் நாட்டப்பட்டமை அவ்வழியில் வைத்த முதலடி எனலாம்.

ஈற்றில் அம்மம்மாவின் வினாவுக்கு மீள்கின்றேன். எமது குன்று ஆங்கிலத்தில் ஓர்ஸ் ஹில் எனவும் தமிழில் உவர்மலை எனவும் வழங்குவது. அதன் அருகே விரியும் துறைமுகம் போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலரைக் கண்டது. விருந்தினராக வந்தோர் வீட்டுக்காரராக மாறியதையும், 1957 இல் ஆங்கிலேயக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டதையும் அது கண்டது. 1990 இல் அம்மம்மா இக்குன்றைவிட்டுப் படகேறித் தமிழகம் சென்று, முகாமொன்றிற் சில ஆண்டுகள் வாழ்ந்தார். அக்காலத்தைப் பற்றிப் பேசும்போது பசியை அவர் பெரிதாகச் சொல்வதில்லை. “வாறவைக்கு ஒரு தேத்தண்ணி குடுக்க எங்களுக்கெண்டு ஒரு வாசல் இல்லாமப் போச்சே” என்பதே அவரது மாறாத குறை. எப்போதும் விருந்தாளியாகவே இருத்தலின் துன்பத்தை நான் எந்நூலிலும் இவ்வளவு தெளிவாகக் கற்றதில்லை.

வீடு என்ற சொல்லின் விலையை அவர் போன்றோர் கொடுத்தறிந்துள்ளனர். ஆதலின் இலாபத்தின் பொருட்டு அச்சொல்லை எளிதாகக் கைமாற்றும் வணிகத்தை நம் சமூகம் ஐயத்துடனேயே நோக்கும், நோக்குதலும் வேண்டும். அணிகள் உலகெங்கும் செல்லட்டும். கடல்கடந்து வாழும் நம்மவரை மகிழ்விக்கட்டும். செல்லுமுன் ஊரவரைக் கேட்டுச் செல்லட்டும். சென்றபின் திரும்பி வரட்டும். மண்டைதீவில் அரங்கு எழுந்து முதலாவது ஆட்டம் நிகழும் நாளில், அம்மம்மாவை அழைத்துச் சென்று அதனைக் காட்டவேண்டும் என்பது என் விருப்பம். அன்று அவர் மீண்டும் அதே வினாவைக் கேட்பாராயின், வேறு விடை கூறலாம்.